தம்பி இடுப்பில் துப்பாக்கி, தெருமுனையில் அவன் கூட்டாளி

கேள்வி: ஐயா, எனக்குத் தண்டையார்பேட்டை. அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர், நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுத்தான் எங்களை வளர்த்தார். தம்பி பரீட்சை எழுதி எஸ்.ஐ. ஆனான். இரண்டு மாதமாக ரவுடிகளைப் பிடிக்கும் தனிப்படையில் இருக்கிறான். வீட்டுக்கு வர ராத்திரி இரண்டு மூன்று மணி ஆகிறது. "சுடலைன்னா நான் வெட்டுப்பட்டுச் சாகணும், சுட்டா மனித உரிமைன்னு கேஸ் போடுவாங்க, எங்களுக்குன்னு யாரு இருக்காங்க அக்கா?" என்று கேட்கிறான். போலீஸ் சுடுவதற்கு இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்று டிவியில் பேசுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. எங்கள் பக்கம் என்கவுன்டர் நடந்தால் ஜனங்கள் சந்தோஷம்தான் படுகிறார்கள், மாமூல் கொடுத்தவனுக்குத்தானே வலி தெரியும். தம்பி சுட்டால் ஜெயிலுக்குப் போவானா? இந்தக் கட்டுப்பாடெல்லாம் யாருக்காக? இன்னொன்று. எங்கள் தெருமுனையில் ஒரு பையன், தம்பியோடு சின்ன வயதில் கால்பந்து ஆடியவன், அவன் பெயரும் இப்போது அடிபடுகிறது. வாரண்ட் இருப்பது தெருவுக்கே தெரியும். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்:

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அரிவாளோடு ஒருவன் வெட்ட வந்தால், வேறு வழியே இல்லையென்றால், உங்கள் தம்பி சுடலாம். அதில் ஒருவன் செத்தாலும் அது குற்றம் ஆகாது. ஆனால் இந்த உரிமை போலீஸ் என்பதற்காகக் கிடைப்பதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-லிருந்து 44 வரை உள்ள தற்காப்புப் பிரிவுகள் உங்களுக்கும் எனக்கும் மீன் விற்கும் அம்மாவுக்கும் எப்படியோ அப்படியேதான் அவருக்கும். உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமான அச்சம் இருக்க வேண்டும், ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது, அந்த அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும். அரிவாள் கீழே விழுந்த பிறகு பாயும் குண்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கைது செய்யப் போகும்போது என்ன செய்யலாம் என்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 43-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46). எதிர்த்தால் தேவையான எல்லா வழியையும் கையாளலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்தாற்போலவே ஒரு தடையும் போடுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல இந்தப் பிரிவு உரிமை தராது. மாமூல் வாங்குகிறவன், செயின் அறுக்கிறவன், கஞ்சா விற்கிறவன் தப்பி ஓடினான் என்பதற்காக அவன் உயிரை எடுக்க முடியாது. கொலைக் கேஸ்காரன் என்றால் சுட்டுத் தள்ளலாமா என்று உடனே கேட்பார்கள். அதுவும் இல்லை. ஒருவன் குற்றவாளி என்ற ஒரே காரணத்துக்காக அவனைக் கொல்வது போலீஸின் கடமை அல்ல என்று 2012-ல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, "கட்டுப்பாடெல்லாம் யாருக்காக" என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தம்பி மாதிரி கீழ்மட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் என்று நான் மனசார நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கும் என் வக்கீல் ஆபீஸுக்கு ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் வந்தார். துணிக்கடைப் பை ஒன்றில் ஜெராக்ஸ் காகிதங்கள். ஒரு ராத்திரி ஆளைப் பிடிக்கப் போன இடத்தில் முட்டியில் சுட்டிருக்கிறார்கள், அந்த ஆளுக்குக் கால் போய்விட்டது, விசாரணை வந்தது. நான் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய நேரம் 2.40 என்று இருந்தது. எஃப்.ஐ.ஆரில் சம்பவ நேரம் 2.15. அதாவது அவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே சுட்டு முடித்துவிட்டார்கள் என்று காகிதம் சொல்கிறது. 2.40-ல் அந்த நான்கு மட்டும் வேறு அழுத்தத்தில் எழுதியிருந்தது, முதலில் இருந்த எண்ணின் மேல் எழுதிய மாதிரி. "யார் எழுதச் சொன்னது?" என்றேன். "ஐயா சொன்னாரு, எழுதினேன்." "சுடச் சொன்னது?" "அதுவும் ஐயாதான். போன்ல." அந்த ஐயா எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. காகிதம் முழுக்க இவர் கையெழுத்துதான். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது, சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து போலீஸ் வேலையில் இருக்கும் எந்தப் பிள்ளையின் குடும்பம் வந்தாலும் நான் ஒன்றைத்தான் சொல்கிறேன். கோர்ட்டு விசையை அழுத்திய அந்த ஒரு நொடியை மட்டும் பார்க்காது, அதற்கு முந்தைய ராத்திரி முழுவதையும் பார்க்கும். யார் துப்பு கொடுத்தது, எத்தனை பேர் போனீர்கள், ஏன் விடிகாலை மூன்று மணிக்குப் போனீர்கள், ஆயுதம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்றவனைக் கூட்டிப்போகும்போது ஏன் அவன் கை எட்டும் தூரத்தில் அந்த ஆயுதம் இருந்தது, ஏன் அந்த இடத்தை முன்கூட்டியே சோதிக்கவில்லை. அந்த ஒரு நொடி தம்பி கையில் இல்லாமல் போகலாம். அந்த ராத்திரி பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான் நாற்பது வருஷமாக நடக்கிறது. 1974-ல் மெம்ஃபிஸ் நகரில், வேலி ஏறித் தப்பப் பார்த்த 15 வயதுப் பையனை, கையில் ஆயுதம் இல்லாதவனை, ஒரு போலீஸ்காரர் பின்னந்தலையில் சுட்டார். அவனிடம் இருந்தது ஒரு பர்ஸும் பத்து டாலரும். தப்பி ஓடுகிறான் என்பதற்காக மட்டும் கொல்லக் கூடாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்பு சொன்னது. கலிஃபோர்னியாவில் 2019-ல் இன்னும் இறுக்கினார்கள். அதிகாரிக்கு "நியாயமாகப் பட்டது" என்றால் போதும் என்றிருந்ததை மாற்றி, உயிரைக் காக்க "அவசியம்" என்றால்தான் சுடலாம் என்று சட்டம் போட்டார்கள். தயங்கினால் எங்கள் ஆட்கள் சாவார்கள் என்று அங்கேயும் போலீஸ் தரப்பில் எதிர்ப்பு வந்தது, உங்கள் தம்பி சொல்வது போலவேதான். 2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. டெக்சஸில் சுங்கக் கட்டணப் பாக்கி இருந்த ஒரு காரை நிறுத்தினார்கள், அது நகர ஆரம்பித்ததும் அதிகாரி காரின் கதவுப் படியில் தாவி ஏறி, உள்ளே சுட்டார், ஓட்டியவர் செத்துப்போனார். ஆபத்து வந்த அந்தக் கணத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது தப்பு, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தயங்கினால் சாவு என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் ஒரு சிறப்பு எஸ்.ஐ.யைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் ஆடு திருடியவர்களை ராத்திரியில் விரட்டிக்கொண்டே போய், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வெட்டுப்பட்டு இறந்தார். கடைசியில் அவர் தனியாக நின்றார். அவருக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னும் நான்கு பேர் வேண்டியிருந்தது. எந்தக் கட்டுப்பாடும் அவரைக் கொல்லவில்லை. ராத்திரி ரோந்துக்கு ஆள் கொடு, வண்டி கொடு, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் வரும்படி செய் என்று கேட்கிறவர்கள் தம்பிக்காகப் பேசுகிறார்கள். சுடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று போனில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ள அவர்கள் இருக்க மாட்டார்கள்.

இதற்குச் சாட்சியாக ஒரு பழைய கதை. 1970 பிப்ரவரி 18, வயநாடு திருநெல்லிக் காடு. நக்சலைட் தலைவர் வர்கீஸ் மோதலில் செத்தார் என்று போலீஸ் சொன்னது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1998-ல், மத்திய ரிசர்வ் போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்த ராமச்சந்திரன் நாயர் என்பவர் வாயைத் திறந்தார். பிடிபட்டுக் கட்டிப்போட்டிருந்த ஆளைத் தான்தான் சுட்டதாகவும், மேலதிகாரி உத்தரவு போட்டதாகவும், மறுத்தால் தன்னையும் சுட்டுவிடுவதாக மிரட்டியதாகவும் சொன்னார். சி.பி.ஐ. விசாரித்தது. 2010-ல் முன்னாள் ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க நாயர் இல்லை, 2006-லேயே இறந்துவிட்டார். குற்றவாளிக் கூண்டில் தன் பெயரும் இருந்த நிலையிலேயே போனார். இருபத்தெட்டு வருஷம் ஒரு மனுஷன் எப்படித் தூங்கியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

"மேலதிகாரி சொன்னார்" என்பது கோர்ட்டில் நிற்காது. 2011-ல் பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது. சட்டவிரோதமான உத்தரவை மறுப்பது போலீஸ்காரரின் கடமை, உத்தரவு உத்தரவுதான் என்று சொல்லி நூரம்பெர்க்கில் (ஹிட்லரின் ஆட்களை விசாரித்த இடம்) யாரும் தப்பவில்லை, போலி என்கவுன்டர் செய்தவருக்குத் தூக்கே தரலாம் என்றது. (தூக்கு என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நாட்டின் பெரிய கோர்ட்டு எவ்வளவு கோபத்தில் இருந்தது என்று தம்பிக்குத் தெரிய வேண்டும்.)

ஜனங்களின் சந்தோஷத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பொய் இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் வந்து நிற்கிறவனுக்கு வாரா வாரம் காசு எண்ணிக் கொடுத்த பெட்டிக்கடைக்காரருக்கு, அவன் இல்லை என்ற செய்தி நிம்மதிதான். அந்த நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அது எத்தனை நாள் நிற்கிறது? அவன் இடத்துக்கு ஆறு மாதத்தில் அவனுடைய மச்சானோ எதிராளியோ வந்துவிடுகிறான், பழிக்குப் பழி என்று இன்னும் இரண்டு தலை உருள்கிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் பக்கத்தில், கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைச் சுட்டபோது போலீஸ் மேல் ஜனங்கள் பூத் தூவினார்கள். 2022 மே மாதம், உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்பூர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, வேண்டுமென்றேதான் சுட்டிருக்கிறார்கள், பத்து போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும், செத்த நால்வரில் மூன்று பேர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றது. பூப் போட்டவர் யாரும் அந்தப் பத்துப் பேருக்கு வக்கீல் ஃபீஸ் கட்ட வரமாட்டார்.

நம் பக்கமே பாருங்கள். 2024 ஜூலை 5 பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். ஒன்பதாவது நாள், அந்த வழக்கில் பிடிபட்டு போலீஸ் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார், ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப்போன இடத்தில் தாக்கினார் என்றார்கள். என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. கொலை செய்யச் சொன்னது யார், பணம் யாருடையது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் அன்றைக்கு மூடிப்போனது. கொலையானவரின் வீட்டுக்காரர்களுக்குத்தான் அந்த நஷ்டம் முதலில்.

காலில் சுட்டால் பிரச்சினை இல்லை என்றும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன் ஆள் போய்விடுவான். ஓடுகிறவன் முட்டியை இருட்டில் குறி பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பயிற்சி எடுத்த உங்கள் தம்பியையே கேளுங்கள். காலில்தான் சுட்டேன் என்று சொன்னால் சட்டம் கேள்வி கேட்காமல் விட்டுவிடாது.

அப்புறம் முக்கியமான தீர்ப்பு, இதைத் தம்பி முழுசாகப் படிக்க வேண்டும். 2014 செப்டம்பர் 23, பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் லோதாவும் நாரிமனும் தந்தது. பதினாறு விதிகள். அரசியல் சாசனத்தின் 141-வது பிரிவின்படி இதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முதல் விதியே நான் மேலே சொன்ன ராத்திரியைப் பற்றித்தான்: பெரிய குற்றம் சம்பந்தமாகத் துப்பு வந்தால் அதை எழுத்தில், அல்லது மின்னணு வடிவில் பதிய வேண்டும். அதன்மேல் போய்ச் சுட்டு, ஆள் செத்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். விசாரிப்பது சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் ஆட்களோ ஆக இருக்க வேண்டும், சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்கும் அதிகாரி மேற்பார்வை பார்க்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்டவர் துப்பாக்கியைத் தடய சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். வீட்டாருக்குச் சீக்கிரம் தகவல் சொல்ல வேண்டும், நடைமுறை மீறப்பட்டால் அவர்கள் செஷன்ஸ் நீதிபதியிடம் போகலாம். சம்பவம் நடந்த கையோடு புரமோஷனோ வீர விருதோ கொடுக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இளசுகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நட்சத்திரத்தையும் காட்டுவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

நேர்மையாகச் சுட்ட ஒருவருக்கு இந்தப் பதினாறும் கவசம். துப்பு எழுத்தில் இருக்கிறது, கிளம்பிய நேரம் சரியாக இருக்கிறது, அடிபட்டவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ரெக்கார்டில் இருக்கிறது, வெட்டுக்காயம் தம்பியின் கையில் இருக்கிறது, டாக்டர் எழுதியிருக்கிறார் என்றால் எந்த மனித உரிமை ஆணையமும் அவரை ஒன்றும் செய்யாது. இவை இல்லாதபோது உண்மையாகவே தற்காப்புக்குச் சுட்டவர்கூடப் பொய்யர் மாதிரி நிற்க வேண்டி வருகிறது.

இனி நீங்கள் "இன்னொன்று" என்று இரண்டு வரியில் எழுதியது. எனக்கு உங்கள் கடிதத்தின் கனமே அங்கேதான் இருக்கிறது. கால்பந்து ஆடியவர்களில் ஒருவன் பரீட்சை எழுதினான், ஒருவன் எழுதவில்லை. வடசென்னையில் இது புதிதில்லை, ஒரே தெருவில் காக்கிச்சட்டை ஒரு வீட்டில், போலீஸின் ரவுடிப் பதிவேட்டில் பெயர் ஒரு வீட்டில். தம்பி வாயிலிருந்து வந்த எந்தத் தகவலையும் நீங்கள் வெளியே சொல்லக் கூடாது, ஒரு வார்த்தைகூட. அது அவர் வேலைக்கும் ஆபத்து, கூடப் போகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. ஆனால் வாரண்ட் இருப்பது தெருவுக்கே தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பையனின் அம்மாவிடம் போய், அக்கம்பக்கத்துப் பொம்பளையாக, "ஒளிய வைக்காதே, வக்கீலோடு கோர்ட்டில் சரணடையச் சொல்லு" என்று சொல்வதில் தப்பே இல்லை. சொல்லியே ஆக வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் சரணடைந்தால் அவன் நீதிமன்றப் பொறுப்பில் இருப்பான். போலீஸ் கஸ்டடி கேட்டால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மருத்துவச் சோதனை வேண்டும் என்று வக்கீல் மனுப் போடலாம்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பிள்ளையைப் போலீஸ் தூக்கிப்போனால் அம்மாக்கள் தந்தி ஆபீஸுக்குத்தான் ஓடுவார்கள். முதலமைச்சருக்கு ஒன்று, ஹைகோர்ட்டுக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. இத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி. முந்தானை முடிச்சில் ரசீதோடு என்னிடம் வந்தவர்களை எனக்குத் தெரியும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது இமெயில் அனுப்புங்கள் என்கிறோம், அந்த அம்மாக்களுக்கு அது தெரியாது. நீங்கள் படித்தவர். அந்த அம்மாவுக்கு வேண்டி வந்தால் அதைச் செய்துகொடுங்கள்.

தம்பிக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்தப் பையன் சம்பந்தப்பட்ட எந்த வேலையாக இருந்தாலும், "எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன், என்னை இதில் போட வேண்டாம்" என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும். கோழை என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். இரண்டாவது, வாய்மொழி உத்தரவு வந்தால் கிளம்பும் முன் பொது நாட்குறிப்பில் யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டுக் கிளம்பட்டும். மூன்றாவது, தப்பு நடந்ததைக் கண்ணால் பார்த்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் காவலில் செத்தபோது அந்த ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் மாஜிஸ்திரேட் முன் நடந்ததைச் சொன்னார். அவரும் காக்கிச்சட்டைதான், அவருக்கும் குடும்பம் இருந்தது.

அந்தப் பையனின் அம்மா வருவதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஆபீஸில் இருப்பேன். வழக்கு எண்கள் எழுதிய காகிதம் எதுவாக இருந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள், வாரண்ட் நகல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோர்ட்டில் நான் எடுத்துக்கொள்கிறேன். ஃபீஸைப் பற்றி யோசிக்க வேண்டாம். நீங்களும் கூட வரலாம், தம்பி மட்டும் வர வேண்டாம்.